வாசகர் கேள்விகள்: விமான நிறுவனங்கள் இணைந்தால் விமானியின் பணிமூப்பு என்னவாகும்?

நான் ஓய்வுபெற்ற வங்கி ஊழியன். வங்கிகள் இணைக்கப்பட்டபோது எங்களுக்கும் பணிமூப்புக் குறைகள் இருந்தன. ஆனால் விமானிகளைப் போல் ஆண்டுக்கணக்கில் வழக்காடவில்லை. அவர்களுக்கு மட்டும் இதில் அப்படி என்ன இருக்கிறது?
– திருச்சி வாசகர்

வங்கியில் பணிமூப்புப் பட்டியல் பெரும்பாலும் பதவி உயர்வு அல்லது இடமாற்றம் வரும்போதுதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களிலோ அது ஒவ்வொரு மாதமும் விமானியின் வாழ்க்கையை நிர்ணயிக்கிறது. அடுத்த மாதத்துக்கான பணி அட்டவணைகள் முன்கூட்டியே வெளியிடப்படும். பட்டியலில் முதலில் இருப்பவர் தமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்தபின் அடுத்தவர் முறை வரும். டிசம்பர் மாதமென்றால், மேலே இருப்பவர் கிறிஸ்துமஸ் வாரத்தை வீட்டில் கழிப்பார். கடைசியில் இருப்பவர் எப்போது அழைப்பு வருமோ என்று தொலைபேசியருகே காத்திருப்புப் பணியில் இருப்பார்.

எந்த ஊரில் பணிபுரிவது, எந்த வகை விமானத்தை ஓட்டுவது, துணை விமானி எப்போது கேப்டன் ஆவது ஆகிய எல்லாமே அந்தப் பட்டியலில் அவருக்குள்ள எண்ணின்படிதான். ஊதியம் பறக்கும் மணிக்கணக்கில் தரப்படுவதாலும், மணிக்கான விகிதம் விமானத்தையும், கேப்டனா துணை விமானியா என்பதையும் பொறுத்து மாறுவதாலும், பணிமூப்பும் ஊதியமும் அங்கே இரண்டு வெவ்வேறு தகராறுகள் அல்ல. ஆட்குறைப்பு வந்தால் பட்டியலின் அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். இவை பிடிக்கவில்லையென்று வேறு நிறுவனத்துக்குப் போனால், இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் அங்கே புதியவரின் ஊதியத்தில், கடைசி எண்ணில்தான் தொடங்க வேண்டும்.

இரு நிறுவனத்தாரையும் பணியில் சேர்ந்த தேதிப்படி ஒரே வரிசையில் நிறுத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே?
– மதுரை வாசகர்

நியாயமாகத் தோன்றும் இந்த யோசனைதான் அமெரிக்காவில் ஏறத்தாழ பத்தாண்டுச் சண்டைக்குக் காரணமானது. 2005-இல் யுஎஸ் ஏர்வேஸ் நிறுவனமும் அமெரிக்கா வெஸ்ட் நிறுவனமும் இணைந்தன. முன்னது பழைய நிறுவனம். ஆனால் அப்போது இரண்டாவது முறையாகத் திவால் பாதுகாப்பில் இருந்தது. அதன் விமானிகள் பலர் வேலையிழந்து, திரும்ப அழைக்கப்படுவதற்காகக் காத்திருந்தார்கள். பின்னது 1983-இல்தான் பீனிக்ஸ் நகரிலிருந்து பறக்கத் தொடங்கியது என்பதால், அதன் மிக மூத்த விமானிக்கே இருபத்திரண்டு ஆண்டுப் பணிதான் இருந்தது. தேதிப்படி வரிசைப்படுத்தினால், பீனிக்ஸில் கேப்டனாக இருந்த ஒருவர், வேலையே இல்லாமல் வீட்டிலிருந்த ஒருவருக்குக் கீழே போக நேரிடும். மறுதரப்போ, பெரிய விமானங்களையும் அட்லாண்டிக் கடந்த வழித்தடங்களையும் கொண்டுவந்தவர்கள் தாங்களே என்றும், பதினேழு ஆண்டு உழைப்பைக் கணக்கிலிருந்து அழிக்க முடியாது என்றும் வாதிட்டது.

நடுவர் ஜார்ஜ் நிக்கோலாவ் 2007 மே மாதம் அளித்த தீர்ப்பில், பட்டியலின் முதல் 517 இடங்கள் யுஎஸ் ஏர்வேஸ் விமானிகளுக்குக் கிடைத்தன. அதற்குக் கீழே, தத்தம் பழைய பட்டியலில் யார் எந்த உயரத்தில் இருந்தார்களோ அதற்கேற்ற விகிதத்தில் இரு தரப்பாரும் கலக்கப்பட்டனர். இணைப்பின்போது வேலையில் இல்லாதவர்கள் அடியில் வைக்கப்பட்டார்கள். இதனால் சுமார் பதினேழு ஆண்டுக்கு முன் சேர்ந்த ஒருவர், சில மாதங்களுக்கு முன்புதான் அமெரிக்கா வெஸ்ட்டில் சேர்ந்தவருக்குப் பின்னால் நின்றார். எனக்கு நடுவரின் தர்க்கம் சரியென்றே படுகிறது. இணைப்பு நடந்த நாளில் ஒருவர் கையில் இருந்த வேலையைத்தான் அவர் காக்க முயன்றார். ஆனால் அந்தப் பதினேழு ஆண்டுக்காரரின் கோபத்தைப் பொய்யென்று சொல்ல என்னால் இயலாது.

பெரும்பான்மையாக இருந்த பழைய யுஎஸ் ஏர்வேஸ் விமானிகள் சங்கத்தையே மாற்றினார்கள். சேர்ந்த தேதியே அளவுகோல் என்று விதி வகுத்துக்கொண்ட புதிய சங்கம் 2008-இல் தேர்தலில் வென்றது. மேற்குத் தரப்பான பழைய அமெரிக்கா வெஸ்ட் விமானிகள் வழக்குத் தொடுத்தார்கள். சங்கம் அவர்களை நேர்மையாகப் பிரதிநிதித்துவம் செய்யவில்லை என்று 2009-இல் ஜூரி முடிவு செய்தது. விவகாரம் தீர்ப்புக்குரிய கட்டத்தை இன்னும் எட்டவில்லை என்று கூறி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் அதைத் தள்ளுபடி செய்தது. இந்த இழுபறியில் ஒருங்கிணைந்த ஊதிய ஒப்பந்தம் வராததால், ஒரே சின்னம் பொறித்த விமானங்களை இரு தரப்பாரும் வெவ்வேறு ஒப்பந்தங்களின் கீழ் ஓட்டினார்கள். பட்டியலை எதிர்த்த கிழக்குத் தரப்பினரான பழைய யுஎஸ் ஏர்வேஸ் விமானிகள், திவால் காலத்தில் வெட்டப்பட்ட ஊதிய விகிதத்திலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டார்கள் என்பதுதான் இதில் வேதனையான பகுதி. 2013-இல் நிறுவனம் அமெரிக்கன் ஏர்லைன்ஸுடன் இணைந்தபின், மூன்று நடுவர்கள் கொண்ட குழு 2016 செப்டம்பரில் வேறொரு பட்டியலைத் தந்தபோதுதான் கணக்கு முடிந்தது.

வாங்கிய நிறுவனம் தன் விருப்பப்படி பட்டியலை முடிவு செய்வதைத் தடுக்கச் சட்டம் உண்டா?
– சேலம் வாசகர்

அமெரிக்காவில் உண்டு. 2001-இல் டிடபிள்யூஏ நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியபோது, வந்தவர்களில் பெரும்பகுதியினர் பட்டியலின் அடியில் சேர்க்கப்பட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் ஆட்குறைப்பு வந்தபோது வேலையிழந்தவர்களும் அவர்களே. டிடபிள்யூஏ-வின் மையமான செயின்ட் லூயிஸ் நகரம் மிசௌரி மாநிலத்தில் இருக்கிறது. அந்த மாநிலத்தின் செனட்டர்கள் மெக்காஸ்கில், பாண்ட் இருவரும் கொண்டுவந்த சட்டம் 2007 இறுதியில் நிறைவேறியது. இருதரப்பும் பேசி முடிவுக்கு வராவிட்டால் நடுவரிடம் போக வேண்டும் என்கிறது அச்சட்டம். எது நியாயமான வரிசை என்பதை அது சொல்லவில்லை. இந்தியாவில் 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம், நிறுவனம் கைமாறும்போது பணித்தொடர்ச்சியையும் பழைய ஊதிய நிபந்தனைகளையும் பற்றிப் பேசியதே தவிர, இரு பட்டியல்களைக் கலக்கும் முறையைப் பற்றிப் பேசவில்லை.

இந்தியன் ஏர்லைன்ஸ், ஏர் இந்தியா இணைப்பில் நடந்தது என்ன?
– கோவை வாசகர்

2007-இல் இரண்டும் ஒரே நிறுவனமாக்கப்பட்டன. ஆனால் விமானிகளின் ஊதிய முறையும் பதவி உயர்வு வரிசையும் தனித்தனியாகவே விடப்பட்டன. 2011 ஏப்ரல் இறுதியில், சம ஊதியம் கோரி முன்னாள் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளின் சங்கம் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தது. அடுத்த ஆண்டு முன்னாள் ஏர் இந்தியா விமானிகளின் முறை. புதிதாக வரவிருந்த போயிங் 787 விமானத்துக்கான பயிற்சியை மறுதரப்பினருக்கும் அளிப்பதால் தங்கள் கமாண்டர் (கேப்டன்) பதவி தள்ளிப்போகும் என்று அஞ்சி, 2012 மே மாதம் தொடங்கி 58 நாட்கள் பணிக்கு வரவில்லை. இடையில் நீதிபதி தர்மாதிகாரி குழு ஒருங்கிணைப்புக்கான பரிந்துரைகளை அளித்தது. ஆனால் இணைந்து நான்கைந்து ஆண்டுகள் ஆனபின் வந்த குழு அது. இணைப்புக்கு முன்பே அமைத்திருக்க வேண்டிய குழுவை வேலைநிறுத்தம் கண்டபின் அமைப்பது நம் பொதுத்துறையின் பழைய வழக்கம்.

என் மகன் ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானி. இணைப்புப் பேச்சு அடிபடுகிறது. புதிய ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?
– தாம்பரம் வாசகி

அம்மா, முதலில் மொத்த ஊதியத்தைப் பார்க்காமல், எத்தனை மணி நேரப் பறப்புக்கு உறுதியான ஊதியம் என்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். 2024-இல் ஏர் இந்தியாவுடனான இணைப்பை ஒட்டி விஸ்தாரா விமானிகள் எதிர்த்தது இதைத்தான்: 70 மணி நேரத்துக்கு இருந்த உறுதித்தொகை 40 மணி நேரத்துக்குக் குறைக்கப்பட்டது. அதற்கு மேல் பறந்தால் தனியாகப் பணம் உண்டு. ஆனால் எவ்வளவு பறப்போம் என்பதை விமானியால் தீர்மானிக்க முடியாது. அந்த ஏப்ரலில் பலர் உடல்நலமில்லை என்று விடுப்பெடுக்க, நாளொன்றுக்கு 25 முதல் 30 சேவைகள் வரை நிறுவனம் குறைக்க நேர்ந்தது.

அடுத்து, பணிமூப்பு எந்தத் தேதியிலிருந்து கணக்கிடப்படும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். நியமன ஆணைத் தேதி, பயிற்சியில் சேர்ந்த தேதி, துணை விமானியாகப் பறக்க அனுமதி பெற்ற தேதி ஆகிய மூன்றும் பல மாதங்கள் விலகியிருக்கலாம். மூன்றுக்கும் உரிய ஆவணங்களை அவர் தம் கைவசம் வைத்திருக்கட்டும். பிடிக்காவிட்டால் உடனே விலகிவிடலாம் என்று எண்ண வேண்டாம். துணை விமானிக்கு ஆறு மாதம், கமாண்டருக்கு ஓராண்டு முன்னறிவிப்பு வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2017-இல் விதித்தது. பயிற்சிப் பத்திரம் கையெழுத்திட்டிருந்தால், அதன் பொறுப்பு புதிய நிறுவனத்துக்கு மாறுகிறதா, மீதிக் காலம் எவ்வளவு என்பதையும் கையெழுத்துக்கு முன்பே ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது.