கரண்ட் போனால் மீன் தொட்டியின் சம்ப் வழிவது ஏன்?

கரண்ட் போன ராத்திரி, மீன் தொட்டிக்குக் கீழே வைத்திருக்கும் சம்ப் (வடிகட்டும் கீழ்த்தொட்டி) வழிந்து ஹாலெல்லாம் தண்ணீர் என்கிறீர்கள். சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் பம்ப் நின்றதும், அந்த ரிட்டர்ன் குழாய் சைஃபனாகி (தண்ணீரைத் தானாகவே கீழே உறிஞ்சும் குழாயாகி), தொட்டி நீரைத் தன் வாய் இருக்கும் ஆழம் வரை கீழே இழுத்துவிடும். உங்கள் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலத் தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினாலே 14 லிட்டர்! குழாயில், நீர்மட்டத்தை ஒட்டிக் கீழே சின்னத் துளை போடுங்கள். காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். துளையைப் பாசி அடைக்கும், அவ்வப்போது டூத்பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். கடைக்காரர் சொன்ன நான்-ரிட்டர்ன் வால்வை (தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பது) மட்டும் நம்பாதீர்கள், ஒரு குட்டி நத்தை சிக்கினாலே சரியாக மூடாது.

அப்புறம், பகலில் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். தண்ணீர் இறங்கி நின்றபின் சம்ப்பில் நாலு விரல் இடமாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சினால், பம்ப் ஓடும்போது சம்ப்பில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டு, அதற்கு மேல் ஊற்றாதீர்கள்.