மூட்டையை மாற்றும் முன் பிஸ்கட்டை நிறுத்துங்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். எங்கள் காக்கர் ஸ்பானியல் மணிக்கு மூன்று வயது, எடை 14 கிலோ. ஒரு வருடமாக ஓயாமல் பாதத்தை நக்குகிறான். காது அடிக்கடி சீழ் பிடித்து நாறுகிறது. வாரத்தில் இரண்டு நாளாவது மலம் இளகலாகப் போகிறது. ‘சென்சிட்டிவ்’ என்று அச்சிட்ட உணவில் மூன்று கம்பெனிகளை மாற்றிப் பார்த்துவிட்டோம். தானியமே இல்லாத உணவு நல்லதா? ஒவ்வாமைக்கு ரத்தப் பரிசோதனை செய்யலாமா? மாமியார் மாலையில் தரும் நான்கு மாரி பிஸ்கட், ஒரு கை தயிர்சாதம் தவிர வெளி உணவு எதுவும் கிடையாது.

பதில்: கடைசி வரியை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் என் பதில் வேறு மாதிரி போயிருக்கும். மாரி பிஸ்கட்டில் கோதுமையும் பால் பொருளும் இருக்கின்றன. தயிர்சாதத்தில் பால் புரதம். நாய்களுக்கு ஒவ்வாமை தரும் உணவுகளில் முன்வரிசையில் நிற்பவை மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை. இவற்றில் இரண்டு தினமும் மாலையில் உள்ளே போய்க்கொண்டிருக்க, நீங்கள் மூன்று கம்பெனிகளை மாற்றியிருக்கிறீர்கள். உணவின் மேல் தவறு இருந்ததா, இல்லையா என்பதே இன்னும் தெரியவில்லை.

‘சென்சிட்டிவ்’ என்ற சொல்லை நம்பி வாங்காதீர்கள். முன்பக்கத்தில் ஆட்டின் படம் போட்ட மூட்டையைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். கோழிக் கொழுப்பு, கோழி மாவு, கோழிச் சுவையூட்டி என்று ஏதாவது ஒன்று பல மூட்டைகளில் ஒளிந்திருக்கும். நீங்கள் வாங்கிய மூன்றிலும் கோழி இருந்திருந்தால், மாறியது மூட்டையின் நிறம் மட்டுமே.

உணவில் கை வைக்கும் முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். சொறியும் நாய்களில் உணவு ஒவ்வாமை உள்ளவை குறைவு. தெள்ளுப்பூச்சியும் மகரந்தமும் தூசிப் பூச்சியும்தான் அதிகம். நம் ஊர்க் காலி மனைகளில் பார்த்தீனியம் மண்டிக் கிடப்பது உங்களுக்குத் தெரியும். குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் அரிப்பு கூடினால் சாப்பாட்டைக் குறை சொல்லாதீர்கள். வருடம் முழுவதும் அரிப்பு, கூடவே வயிற்றுக் கோளாறு, திரும்பத் திரும்பக் காதுப் புண் என்றால் உணவைச் சந்தேகிக்கலாம். மணியின் கதை இந்த இரண்டாம் வகையாகத் தெரிகிறது. காக்கருக்குத் தொங்கும் காது, உள்ளே அடர்ந்த முடி. ஈரம் வெளியேறாமல் கிருமி வளர அதுவே போதும். ஆகவே காதுக்கான மருந்தைத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். உணவு மாறினால் காது தானாக ஆறிவிடும் என்று காத்திருக்காதீர்கள்.

ரத்தப் பரிசோதனைக்குச் செலவழிக்க வேண்டாம். உணவு ஒவ்வாமையை அது நம்பகமாகக் காட்டுவதில்லை. நம்பத்தக்க வழி ஒன்றுதான்: இதுவரை மணி சாப்பிடாத ஒரு புரதத்தையும் ஒரே ஒரு மாவுப் பொருளையும் மட்டும் எட்டு வாரம் தருவது. கோழி தின்று வளர்ந்த நாய்க்கு வாத்தோ காடையோ புதிய புரதம் ஆகாது, அவையும் பறவையே. பெங்களூரில் நமக்கு ஒரு வசதி உண்டு. குடகுக்காரர்கள் புண்ணியத்தில் பன்றி இறைச்சி எளிதில் கிடைக்கிறது. கொழுப்பு நீக்கிய பன்றி இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்துக் கொடுக்கலாம். வீட்டில் அது புழங்காது என்றால், மணி மீன் தின்றதே இல்லை என்ற நிலையில் முள் நீக்கிய மீன் சரிவரும். அதுவும் முடியாதவர்களுக்கு ஹைட்ரோலைஸ்டு உணவு இருக்கிறது: புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்து, உடலின் எதிர்ப்பு மண்டலம் அடையாளம் காண முடியாதபடி செய்தது. விலை அதிகம்தான். ஆனால் சத்துக் கணக்கை அவர்களே போட்டுவிடுகிறார்கள் என்பதால், வேலைக்குப் போகும் வீடுகளுக்கு நான் இதையே சொல்வேன்.

பழைய உணவிலிருந்து ஒரே நாளில் தாவாமல், ஒரு வாரத்தில் கால் பங்கு கால் பங்காகக் கூட்டுங்கள். வயிறு இரண்டு மூன்று வாரத்தில் சீராகத் தொடங்கும். தோல் மெதுவாகத்தான் பதில் சொல்லும். ஐந்தாம் வாரத்தில் ‘ஒன்றும் குறையவில்லையே’ என்று விட்டுவிடுபவர்களே அதிகம். சுவையூட்டிய தெள்ளுப்பூச்சி, உண்ணி மாத்திரைகளிலும் இறைச்சிப் புரதம் இருக்கக்கூடும் என்பதால் அந்த எட்டு வாரத்துக்குப் பிடரியில் விடும் சொட்டு மருந்துக்கு மாறுங்கள். அதற்காக உண்ணிப் பாதுகாப்பையே நிறுத்திவிடாதீர்கள். உண்ணிக் காய்ச்சல் உயிரை வாங்கும்.

எட்டு வாரத்தில் அரிப்பு அடங்கினால் பாதி வேலைதான் முடிந்தது. முன்பு தந்த உணவையே மீண்டும் கொடுங்கள். சில மணி நேரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால் உணவுதான் காரணம் என்பது உறுதி. பிறகு கோழி, பால், கோதுமை என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம். நன்றாக இருக்கும் நாய்க்கு ஏன் மறுபடி தொல்லை தர வேண்டும் என்று பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். பருவம் மாறியதால் குறைந்த அரிப்பை உணவு குறைத்ததாக எண்ணி, ஆயுள் முழுக்க விலை உயர்ந்த மூட்டை சுமப்பதும் அவர்களேதான்.

தானியம் இல்லாத உணவு? என் ஓட்டு இல்லை. அரிசி அரிதாகவே ஒவ்வாமை தருகிறது. தானியத்துக்குப் பதிலாகப் பட்டாணி, பருப்பு வகைகளை அள்ளிப் போட்ட உணவுகளுக்கும் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் ஆராயத் தொடங்கியது. முடிவான தீர்ப்பு வரவில்லை. ஆனால் அமெரிக்கன் காக்கரில் டாரின் என்ற அமினோ அமிலத்தின் குறைபாட்டோடு வரும் இதய நோய் அதற்கு முன்பே அறியப்பட்டது. காக்கர் வைத்திருப்பவர் இந்தப் பந்தயத்தில் இறங்கத் தேவையில்லை.

அளவு: குடும்பக் கட்டுப்பாடு செய்த, வீட்டோடு இருக்கும் 14 கிலோ நாய்க்கு நாளைக்கு 700 முதல் 800 கிலோகலோரி போதும். உலர் உணவில் அது ஏறக்குறைய 200 கிராம். இரண்டு வேளையாகப் பிரித்து, டம்ளரால் அல்ல, தராசில் நிறுத்துப் போடுங்கள். நான்கு மாரி பிஸ்கட் மட்டுமே கிட்டத்தட்ட 100 கலோரி! வீட்டுச் சமையலையே தொடர விரும்பினால் எட்டு வாரத்துக்குப் பின் மருத்துவரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள். இறைச்சியும் கிழங்கும் மட்டும் தின்னும் நாய்க்குக் கால்சியம் போதாது. சாம்பார் கலந்த சோறு எந்தக் காலத்திலும் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். பொங்கலில் கிடக்கும் உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மலத்தில் ரத்தம், தொடர் வாந்தி, தலையை ஒரு பக்கம் சாய்த்தே நடப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் உணவுச் சோதனையை ஒத்திவைத்து அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

மாமியாரிடம் ‘எதுவும் தராதீர்கள்’ என்று சொல்லிப் பயனில்லை. மணி வாலாட்டி நின்றால் யார் கைதான் சும்மா இருக்கும்? காலையிலேயே அன்றைய உணவில் ஒரு பிடியைத் தனி டப்பாவில் எடுத்து அவரிடம் கொடுத்துவிடுங்கள். பிஸ்கட் நேரத்தில் அதிலிருந்து அவரே கொடுக்கட்டும்.