பன்றி, பண்டி, பன்னி: ஒலி மாறினால் அது பிழையா?

யாழ்ப்பாணத்தார் ‘பன்றி’யைப் ‘பண்டி’ என்றும் ‘என்று’ என்பதை ‘எண்டு’ என்றும் சொல்வது மொழியைச் சிதைப்பது ஆகாதா, ஒலிகள் ஏன் இப்படி மாறுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களையோ உங்கள் பிள்ளையையோ யாரோ பலர் முன்னிலையில் திருத்தியிருக்க வேண்டும். அப்படி ஒன்று நேராதவர் இவ்வளவு மனத்தாங்கலோடு கேட்கமாட்டார். எங்கள் வீட்டிலும் அது நேர்ந்தது.

என் தம்பியின் மகள், எனக்குப் பெறாமகள், தரம் 8 படித்தபோது ஒரு பேச்சுப் போட்டிக்குப் போனாள். பேச்சு முழுவதும் மனப்பாடம், ஓரிடத்திலும் தடுமாறவில்லை. ஆனால் நடுவர்களுள் ஒருவர் புள்ளித் தாளின் ஓரத்தில் ‘வெற்றி என்பது வெட்டி என்று கேட்கிறது, உச்சரிப்பைத் திருத்துக’ என்று எழுதிவிட்டார். அன்று மாலை அவள் கண்ணாடி முன் நின்று, தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர்களைப் போல ‘வெட்ரி, வெட்ரி’ என்று சொல்லிப் பழகுவதைக் கண்டபோது எனக்கு நெஞ்சு கனத்துப் போயிற்று. அவளுடைய அம்மம்மா வாழ்நாள் முழுவதும் சரியாகச் சொல்லிவந்த ஓர் ஒலியை, சரியாகச் சொன்னதற்காகவே பிள்ளை வெட்கப்பட்டு மறக்கப் பார்க்கிறாள்.

அவளை விறாந்தையில் இருத்தி, ‘பத்து, பற்று, பட்டு’ என்ற மூன்று சொற்களையும் மெல்ல மெல்லச் சொல்லச் சொன்னேன். ‘பத்து’ என்னும்போது நாநுனி மேற்பல்லில் படுகிறது. ‘பற்று’ என்னும்போது பல்லுக்கு மேலேயுள்ள முரசில், அதாவது பல் ஈற்றில், படுகிறது. ‘பட்டு’ என்னும்போது இன்னும் பின்னே மடிந்து அண்ணத்தில் படுகிறது. நா ஒவ்வோர் அடியாகப் பின்னுக்குப் போவதை அவளே உணர்ந்து, நாலைந்து முறை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். தொல்காப்பியத்தின் பிறப்பியல், றகரமும் னகரமும் நாநுனி அண்ணத்தை ‘ஒற்ற’ப் பிறக்கும் என்றும், ரகரமும் ழகரமும் ‘வருட’ப் பிறக்கும் என்றும் வேறுபடுத்திச் சொல்கிறது. ஒற்றுவது வேறு, வருடுவது வேறு. றகரம் இடையினத்தில் சேராமல் வல்லினத்தில் இருப்பதும் அதனால்தான். மலையாளத்தார் ‘காற்று’ என்பதை இன்றும் எங்களைப் போலவே ஒற்றித்தான் சொல்கிறார்கள். நாங்கள் ‘பற்றரி’, ‘கிறிக்கெற்’ என்று எழுதுவதும் ஆங்கிலச் சொல்லில் அந்த முரசொலியே எங்கள் காதில் விழுவதால்தான்; எழுதத் தெரியாமல் எழுதியதன்று.

இதைக் கொண்டு யாழ்ப்பாணத் தமிழே தூய தமிழ் என்று நான் வாதாடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ழகரத்தை எங்களில் மிகப் பலர் பேச்சில் ளகரமாக்கிவிட்டோம். ‘மழை’ எங்கள் வாயில் ‘மளை’தான், ஊர்ப்பெயரே பலர் வாயில் ‘யாப்பாணம்’தான். ‘யார்’ எங்களுக்கு ‘ஆர்’, ‘யானை’ ‘ஆனை’. அதைக் கொச்சை என்பவர்கள், ‘யாண்டு’ ‘ஆண்டு’ ஆனதையும் ‘யாறு’ ‘ஆறு’ ஆனதையும் எண்ணிப் பார்ப்பதில்லை. அங்கும் இங்கும் நிகழ்ந்தது ஒரே மாற்றம். ஒன்று ஏட்டில் ஏறிவிட்டது, மற்றது வாயோடு நின்றுவிட்டது.

நீங்கள் குறிப்பிட்ட பன்றியையே எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் னகரமும் றகரமும் சேர்ந்தே பின்னுக்கு நகர்ந்து ‘பண்டி’ ஆயிற்று. ‘ஒண்டு’, ‘மூண்டு’, கன்றைக் குறிக்கும் ‘கண்டு’ எல்லாம் அப்படித்தான். தமிழ்நாட்டுப் பேச்சிலும் மலையாளத்திலும் முன்னே நின்ற மூக்கொலி பின்னே வந்த வல்லொலியைத் தன்மயமாக்கிக்கொண்டதால் ‘பன்னி’ ஆயிற்று. தெலுங்கில் அது முன்னுக்கு வந்து ‘பந்தி’. கன்னடத்தில் முதலெழுத்தும் தளர்ந்து ‘ஹந்தி’. அந்தப் பகரத் தளர்ச்சி பன்றியோடு நிற்கவில்லை: பால் ‘ஹாலு’, புலி ‘ஹுலி’, பத்து ‘ஹத்து’. இலத்தீனில் ‘பாத்தெர்’ என நிற்கும் தந்தை ஆங்கிலத்தில் ‘ஃபாதர்’ ஆனதும் இதற்கு உறவான தளர்ச்சியே. ஜேர்மன் மொழியறிஞர் யாக்கோப்பு கிரிம் 1822இல் வகுத்துக் காட்டிய ஒலி மாற்றங்களுள் அதுவும் ஒன்று.

சோம்பலால் வந்த சிதைவு என்றால் இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது? கன்னடத்தில் ‘கிவி’, ‘கேரி’ என்று ககரம் நிற்கும் சொற்கள் தமிழில் ‘செவி’, ‘சேரி’ ஆகிவிட்டன; இகர எகரங்களைச் சொல்ல நா முன்னே எழுவதால், ககரமும் அதனோடு இழுபட்டுச் சகரமாயிற்று. ஆனால் ‘கிளி’, ‘கீழ்’, ‘கேள்’, ‘கெடு’ ஆகியவற்றில் அப்படி நடக்கவில்லை, ஏனெனில் அடுத்து வரும் ள, ழ, ட ஆகிய நாமடி ஒலிகள் நாவைப் பின்னே பிடித்து வைத்துக்கொண்டன. இந்த ஒழுங்கைப் பல தலைமுறையாகப் பிறழாமல் காத்தவர்கள் இலக்கணம் படித்தவர்கள் மட்டுமல்லர். வயலிலும் கடலிலும் சந்தையிலும் பேசித் திரிந்தவர்கள். ‘படித்து’ என்பதை ‘படிச்சு’ என்று நாம் எல்லோரும் சொல்வதும் அதே இகரத்தின் வேலைதான்.

மேடைக்கு மேடைத்தமிழ் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. பேச்சுப் போட்டியில் ஒரு பிள்ளை ‘எண்டு’ என்றால் திருத்துங்கள். அது எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள வேறுபாடு. ஆனால் ‘வெற்றி’யை எழுதியபடியே ஒற்றிச் சொன்ன பிள்ளையிடம் புள்ளியைக் குறைப்பது அப்படிப்பட்டதன்று. எந்த ஒலி எங்கே பிறக்கிறது என்று தெரியாமல் ஒருவர் நடுவராக இருக்கக் கூடாது என்பதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

அந்தப் புள்ளித் தாள் இன்னும் அவளுடைய கோப்பில் இருக்கிறது. நடுவரின் சிவப்பு மைக் குறிப்புக்குக் கீழே, பென்சிலால், ‘பத்து, பற்று, பட்டு’ என்று எழுதி, நடுச் சொல்லுக்கு மட்டும் அவள் கோடு போட்டிருக்கிறாள்.