மலையில் ஒரே சராசரி யாருக்கு?

கேள்வி: நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை இயல்பைவிட அதிகம் என்று செய்தியில் சொல்கிறார்கள். கோத்தகிரிப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மண்கூடச் சரியாக நனையவில்லை. கணக்கு தப்பா?

பதில்: கணக்கு சரியாகவே இருக்கலாம், ஆனால் அது உங்கள் தோட்டத்தின் கணக்கு இல்லை. தென்மேற்குக் காற்று மேற்குச் சரிவில் மோதி மேலேறும்போதே குளிர்ந்து தேவாலா, கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டித் தீர்த்துவிடுகிறது, முகட்டைத் தாண்டிக் கிழக்கே வரும்போது ஈரம் பெரும்பாலும் போய்விடும். உங்களுக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய ஆதாரம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பதிவானது. ஒரு பேச்சுக்கு, ஐந்து மழைமானிகளில் 5, 5, 6, 8, 91 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 23, அந்த அளவு மழை நாலு ஊரில் பெய்யவே இல்லை! வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் 6-தான், அதாவது இடைநிலைதான், உண்மைக்குக் கிட்டே இருக்கிறது. அதனால் மலை மாவட்டங்களுக்குச் சராசரியோடு இடைநிலையையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு சிக்கலும் உண்டு. மழைமானி இல்லாத இடத்துக்குப் பக்கத்து மானியின் அளவையே எடுத்துக்கொள்ளும் முறை சமவெளியில் ஓரளவு சரிப்படும், மலையில் அந்தப் பக்கத்து மானி முகட்டுக்கு அந்தப்புறம் இருந்தால் எல்லாம் கெட்டது. மானிகளும் ஆள் புழங்கும் இடங்களில்தான் அதிகம், உச்சிகளில் குறைவு. அப்புறம், பலத்த காற்றில் துளிகள் மானியின் வாயில் விழாமல் அடித்துக்கொண்டு போய்விடும், அதனால் பதிவே குறைவாக வரும். பக்கத்து எஸ்டேட்டில் பழைய மழைப் பதிவேடு இருந்தால் கேட்டு வாங்குங்கள், பத்து வருடத்தில் எத்தனை வருடம் உங்களுக்கு வேண்டிய மழை கிடைக்கவில்லை என்று மாதவாரியாக எண்ணுங்கள், பாசனத்தைத் திட்டமிட மாவட்ட சராசரியைவிட அது எவ்வளவோ மேல்.

கேள்வி: 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. அது நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் மழை, இனி நம் காலத்தில் வராது என்கிறார்களே?

பதில்: தயவுசெய்து அதை நம்பிச் சரிவில் வீடு கட்டாதீர்கள். நூறு வருட மழை என்றால் ஒவ்வொரு வருடமும் 1 சதவீத வாய்ப்பு, அவ்வளவுதான். போன வருடம் வந்துவிட்டது என்பதற்காக இந்த வருடம் வாய்ப்பு குறையாது. 30 வருடத்தில் ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு சுமார் 26 சதவீதம். அதுவும் நாற்பது வருடப் பதிவை வைத்து நூறு வருடத்துக்கு நீட்டிப் போட்ட கணக்கு என்றால் பிழைக்கு நிறைய இடம் உண்டு. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், ஆகவே பழைய பதிவிலிருந்து வந்த அந்த 1 சதவீதமே இப்போது குறைத்துச் சொன்னதாக இருக்கலாம்.