பழைய எம்.ஜி.பி. கார்: கேட்டீர்கள், சொல்கிறேன்

எம்.ஜி.பி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கவும் புதுப்பிக்கவும் ஆசைப்படுபவர்களின் கேள்விகள் சேர்ந்துவிட்டன. இரண்டு வண்டிகளைப் பிரித்துப் பூட்டியவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, ‘எம்.ஜி.’ என்ற பெயர் எப்படி வந்தது?

பதில்: மோரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம். ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் மோரிஸ் நடத்திய கார் விற்பனை நிலையம் அது. அங்கே மேலாளராக இருந்த செசில் கிம்பர், 1920களில் சாதாரண மோரிஸ் கார்களுக்கு எடுப்பான மேற்கூடு பூட்டி விற்றதில் கதை தொடங்குகிறது. எம்.ஜி.பி. 1962இல் இங்கிலாந்தின் ஆபிங்டன் ஊரிலிருந்த எம்.ஜி. ஆலையிலிருந்து வந்தது. 1980இல் ஆலையையே மூடினார்கள். அதற்குள், நிரந்தரக் கூரை கொண்ட ஜி.டி. வகையையும் சேர்த்து, 5 லட்சத்துக்கும் மேல் செய்திருந்தார்கள்.

கேள்வி: பெயிண்ட் பளபளவென்று இருக்கும் ஒரு 1967 வண்டியைப் பார்த்தேன். நம்பலாமா?

பதில்: பளபளப்புதான் எனக்குச் சந்தேகம் தருகிறது. இந்தக் காருக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது. உடற்கூடுதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ பகுதிதான் முதுகெலும்பு. தகடுமேல் தகடாக மூடிய பெட்டி போன்ற அமைப்பு. ஈரம் உள்ளே தங்கி, உள்ளிருந்தே துரு அரிக்கும். வெளியே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. துணி சுற்றிய சிறு காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். கனமாகப் பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது. பிறகு பக்கவாட்டில் ஜாக்கி வைத்துத் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடித்தால் கூடு தளர்ந்துவிட்டது என்று பொருள்.

சில்லை வெட்டுமுன் கதவு இடைவெளியில் இரும்புக் குழாயை வெல்டிங் செய்து முட்டுக் கொடுக்க வேண்டும். என் முதல் வண்டியில் அவசரப்பட்டு அதைச் செய்யாமல் விட்டேன். புதுச் சில் பொருத்திய பிறகு கதவு மூடவே இல்லை. எல்லாவற்றையும் மறுபடி வெட்டி எடுத்தேன்.

கேள்வி: எஞ்சின் புகைகிறது அண்ணா, பெரிய செலவா?

பதில்: கூட்டைவிடக் குறைவுதான். 1798 சி.சி. ‘பி சீரிஸ்’ எஞ்சின், சாதாரணக் குடும்பக் கார்களுக்கும் போட்ட எஞ்சின் வரிசையைச் சேர்ந்தது. உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கும். எஞ்சினுக்குள் சுழலும் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்டைத் தாங்க 1964 இறுதிவரை மூன்று பேரிங், பிறகு ஐந்து. எனக்குப் பிடித்தது ஐந்து பேரிங் எஞ்சின். பிரித்தால் ஈயமில்லாப் பெட்ரோலுக்கு ஏற்ற கடின வால்வு சீட்டும் (வால்வு வந்து உட்காரும் வளையம்) போட்டுவிடுங்கள்.

கேள்வி: பழைய ரேடியோவுக்குப் பதில் புதியதைப் பூட்டலாமா?

பதில்: முதலில் பேட்டரியைப் பாருங்கள். 1967 வரை வந்தவற்றில் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். புது ரேடியோவோ நெகட்டிவ் முனை உடலோடு இணைந்த வண்டிக்காகச் செய்தது. கவனிக்காமல் இணைத்தால் புகைந்துவிடும்.

கேள்வி: ரப்பர் பம்பரைக் கழற்றி குரோம் பம்பர் போடலாமா?

பதில்: அமெரிக்க விதிகளுக்காக 1974இல் வந்தது ரப்பர் பம்பர், வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள். பம்பரை மட்டும் மாற்றினால் கொக்குபோல் நிற்கும். உயரத்தையும் குறைக்க வேண்டும். நானாக இருந்தால் அந்தப் பணத்தைச் சில்லுக்குச் செலவழிப்பேன்.

கேள்வி: கூடு முழுவதும் போய்விட்டால்?

பதில்: பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடியெடுத்து 1988 முதல் புதுக் கூடே செய்து விற்கத் தொடங்கியது. விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆனாலும் ஒட்டுமேல் ஒட்டுப் போடும் கூலியோடு ஒப்பிட்டுக் கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.