நீட் போனால் மருந்து ஆராய்ச்சியும் போச்சா?

வணக்கம் அம்மா. பாட்டியின் முக நரம்பு வலிக்கு மருந்து கண்டுபிடிப்பேன் என்று சொல்லிவந்த பெண், நீட் மதிப்பெண் வந்ததிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். மருந்து கண்டுபிடிக்க டாக்டராக வேண்டும் என்று யார் சொன்னது? பாட்டி சாப்பிடும் கார்பமசெபைனை 1953-இல் சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனத்தில் உருவாக்கிய வால்டர் ஷிண்ட்லர் ஒரு வேதியியலர்.

இந்த வலிக்கு முதலில் எழுதித் தருவது இன்னமும் அந்த மாத்திரையைத்தான். தூக்கக் கலக்கம், தலைசுற்றல், இரத்தத்தில் சோடியம் குறைவது என்று அதற்குத் தொல்லைகள் உண்டு. நரம்புக்குள் சோடியம் நுழையும் வாயில்களை அடைத்துத்தான் அது வலியைக் குறைக்கிறது. அந்த வாயில்களில், வலியைக் கடத்துவதை மட்டும் அடைக்க முடியுமா என்பதுதான் இப்போதைய தேடல். வலியே தெரியாத சில பாகிஸ்தான் குடும்பத்துப் பிள்ளைகளிடம் அப்படி ஒரு வாயிலின் மரபணு பழுதாகியிருப்பதை 2006-இல் கண்டுபிடித்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சுசெட்ரிஜின் என்ற வலி மருந்து இதே வழியில் வந்ததுதான். ஆனால் அது அறுவை சிகிச்சைக்குப் பிந்தையது போன்ற குறுகிய கால வலிக்கு. முக நரம்பு வலிக்கு இன்னும் ஆள் தேவை.

சரி, எப்படிப் போவது? நம் மாநிலத்தில் பி.ஃபார்ம் என்ற மருந்தாக்கப் பட்டப்படிப்புக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண் போதும். நான்கு வருடம் முடித்து, பி.ஃபார்ம் படித்தவர்களுக்கான ஜிபேட் என்ற தேசியத் தேர்வில் தேறி, மொஹாலி, ஹைதராபாத் போன்ற ஊர்களில் உள்ள நைபர் என்ற மத்திய அரசு மருந்தாய்வு நிறுவனத்தின் நுழைவுத் தேர்வையும் எழுதி, அங்கே மருந்தியல் முதுகலை படிக்கலாம். அப்புறம் பிஎச்.டி. ஆக, பத்து வருடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிறுத்தினாலும் மருந்து கம்பெனிகளின் தரக் கட்டுப்பாடு, மருத்துவப் பரிசோதனைப் பிரிவுகளில் வேலை உண்டு. ஆரம்பச் சம்பளம் ஐ.டி.யை எட்டாது, அதை மறைக்க மாட்டேன்.

பெண்ணிடம் ஒன்று கேளுங்கள். இந்த வலி பற்றிய மருந்தியல் ஆய்வில், முகத்து நரம்பை இறுக்கிக் கட்டிய எலியின் மீசைப் பக்கம் மெல்லிய இழையால் தொட்டு, தலையை இழுத்துக்கொள்கிறதா என்று மணிக்கணக்கில் குறிப்பெடுப்பார்கள். அது ஒத்துவராது என்றால் மருந்து வேதியியலுக்குப் போகட்டும், அங்கே எலி கிடையாது.

சேர்க்கும் முன் கல்லூரிக்கு நேரில் போங்கள். ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். விலங்கு ஆய்வுக்கு முறையான பதிவு இருக்கிறதா, கடந்த வருடம் எத்தனை பேர் ஜிபேட் தேறினார்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.