இறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் தப்பாக இருக்கிறது, எங்கே போய்த் திருத்துவது?

கேள்வி: என் அப்பா மூன்று மாதங்களுக்கு முன் நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் காலமானார். ஆதார், குடும்ப அட்டை, பட்டா எல்லாவற்றிலும் அவர் பெயர் 'முத்தையா'. இறப்புச் சான்றிதழில் 'முத்தையன்' என்று வந்திருக்கிறது. அதோடு, தாயார் பெயர் என்ற இடத்தில் என் அம்மாவின் பெயர் இருக்கிறது! வாரிசுச் சான்றிதழ் மனுவைத் தாலுகா அலுவலகத்தில் திருப்பிவிட்டார்கள். எங்கள் ஊர் வி.ஏ.ஓ.விடம் போனால், "என் கையில் இல்லைம்மா" என்கிறார். கோர்ட்டுக்குப் போக வேண்டுமா? கெஜட்டில் பெயர் மாற்றினால் போதும் என்கிறார் ஒருவர்.

பதில்: வி.ஏ.ஓ. உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். இறப்பு எந்த இடத்தில் நடந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடம்தான் பதிவு இருக்கும். சொந்த ஊர் எது, அடக்கம் செய்தது எங்கே என்பதெல்லாம் கணக்கில் வராது. அப்பா உங்கள் கிராமத்தில், வீட்டிலேயே இறந்திருந்தால் வி.ஏ.ஓ.தான் பதிவாளர். நகரத்தில் இறந்ததால் நீங்கள் போக வேண்டியது அந்த மாநகராட்சி அல்லது நகராட்சியின் சுகாதாரப் பிரிவுக்கு. எந்த அலுவலகம் என்று சந்தேகம் இருந்தால் சான்றிதழையே பாருங்கள், வழங்கிய அலுவலகத்தின் பெயர் அதில் இருக்கும்.

கெஜட் யோசனையை விட்டுவிடுங்கள். அது உயிரோடு இருப்பவர் தன் பெயரை மாற்றிக்கொள்வதற்கு. உங்கள் அப்பா பெயரை மாற்றவில்லை, எழுதியவர்கள்தான் மாற்றி எழுதிவிட்டார்கள். கோர்ட்டும் இப்போதைக்கு வேண்டாம். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் 15-ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. திருத்தும் அதிகாரம் பதிவாளருக்கே உண்டு.

மனு எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தப்பு எந்த மேசையில் நடந்தது என்று கண்டுபிடியுங்கள். மருத்துவமனையில் ஒருவர் இறந்தால் தகவலை அனுப்ப வேண்டியது மருத்துவமனைதான். அந்த அறிக்கைக்குப் பெயர் படிவம் 2. மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் அதன் நகலைக் கேளுங்கள். அதில் 'முத்தையா' என்று சரியாக இருந்து சான்றிதழில் 'முத்தையன்' ஆகியிருந்தால், அது பதிவில் நடந்த எழுத்துப் பிழை. பதிவாளர் விசாரித்துவிட்டுத் தானே திருத்தலாம். படிவத்திலேயே 'முத்தையன்' என்று இருந்தால் பதிவாளர் வந்ததை அப்படியே எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். அப்போது மருத்துவமனையிலிருந்து, "எங்கள் அறிக்கையில் பெயர் தவறாகக் குறிக்கப்பட்டது" என்று முத்திரையோடு ஒரு கடிதம் வாங்குங்கள். கேஸ் ஷீட்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அட்மிஷன் போடும்போது ஆதாரைப் பார்த்து எழுதியிருந்தால் உங்கள் பக்கம் பலம் கூடும்.

தாயார் பெயர் விஷயம் எப்படி நடந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. விடிகாலையில், உடலை எடுத்துப்போகும் அவசரத்தில், கவுன்ட்டரில் இருப்பவர், "அம்மா பேரு?" என்று கேட்டிருப்பார். உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவர் தன் அம்மா பெயரைச் சொல்லியிருப்பார். கேட்டது இறந்தவரின் அம்மா பெயரை. இது எல்லாக் குடும்பத்திலும் நடப்பதுதான், யாரையும் திட்டாதீர்கள். ஆனால் இதை எழுத்துப் பிழை என்று சொல்ல முடியாது, தகவலே தவறு. இதற்கு விதிகள் கேட்பது, விவரம் தெரிந்த, நம்பகமான இரண்டு பேரின் உறுதிமொழி. என்ன தப்பு, எது உண்மை என்று அதில் இருக்க வேண்டும்.

அந்த இருவர் யார் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நோட்டரி வாசலில் நிற்கிற யாரோ இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி வருவார்கள். உங்கள் பாட்டியை நேரில் அறிந்தவர் வேண்டும். அப்பாவின் அக்கா தங்கை, அல்லது பக்கத்து வீட்டுப் பெரியவர் பொருத்தமாக இருப்பார்கள். "இன்னாரை அவர் சிறு வயது முதல் அறிவேன். அவருடைய தாயார் பெயர் இன்னது. சான்றிதழில் தாயார் என்று குறிக்கப்பட்டிருப்பவர் அவருடைய மனைவி" என்று மூன்று வரி நேராக எழுதினால் போதும். கூடவே பாட்டி பெயர் இருக்கிற பழைய காகிதம் ஏதாவது வையுங்கள். அப்பாவின் பள்ளிச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம், பாட்டியின் இறப்புச் சான்றிதழ், எது கிடைத்தாலும் சரி. அப்பா உயிரோடு இருந்தபோது உண்டான ஆவணங்களுக்குத்தான் மதிப்பு. அவர் இறந்த பிறகு வாங்கிய சான்றுகளைக் கட்டுக்கட்டாக வைப்பதில் பிரயோஜனம் இல்லை.

இரண்டு தவறுகளையும் ஒரே மனுவில் கேளுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் எப்படி வர வேண்டும் என்று எழுத்து எழுத்தாக எழுதிக் கொடுங்கள், இனிஷியல் உட்பட. தமிழில் திருத்திவிட்டு ஆங்கிலத்தில் பழைய பெயரையே விட்டுவிட்டால் வங்கியில் மறுபடி நிற்க வேண்டிவரும். மனுவின் நகலில் தேதி போட்டுப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும், கட்டணம் கட்டினால் ரசீதும் கேட்டு வாங்குங்கள்.

பதிவேட்டில் பழைய எழுத்தை அடிக்கவோ அழிக்கவோ மாட்டார்கள். ஓரத்தில் சரியான விவரத்தை எழுதி, பதிவாளர் கையெழுத்தும் தேதியும் போடுவார். அதன் பிறகு புதிய சான்றிதழ் கிடைக்கும். பதிவு எண் பழையதாகவே இருக்க வேண்டும். "புதுசா ஒரு பதிவே போட்டுத் தர்றேன், சீக்கிரம் முடிஞ்சுடும்" என்று எந்த புரோக்கராவது சொன்னால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். ஒரே மனிதருக்கு இரண்டு இறப்புப் பதிவு இருந்தால் நாளைக்குச் சொத்து விஷயத்தில் அதுவே வினையாகும்.

பதிவாளர் மறுத்தால், எழுத்தில் தரச் சொல்லுங்கள். 2023-இல் வந்து அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டத்திருத்தத்தின்படி, 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அங்கேயும் சரிப்படாவிட்டால் மாநிலத் தலைமைப் பதிவாளர். சிவில் கோர்ட்டைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று. இறப்புச் சான்றிதழில் இறப்புக்கான காரணம் இருக்காது, அதை வெளியிடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. இன்ஷூரன்ஸ்காரர் காரணம் கேட்டால் அதற்காக இந்தச் சான்றிதழைத் திருத்தச் சொல்லி அலையாதீர்கள். மருத்துவமனை தரும் மருத்துவச் சான்று வேறு, அதைத்தான் கொடுக்க வேண்டும்.

திருத்திய சான்றிதழ் கைக்கு வந்ததும், கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன் அப்பாவின் ஆதாரைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு அதற்குப் பிறகு மனு போடுங்கள்.